பாட்டினா: ‘முதுமெருகு’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பழைய கைக்கருவிகளுக்காக நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் ‘பாட்டினா’ (patina), அதாவது நெடுநாள் புழங்கிய உலோகம், மரம் ஆகியவற்றின் மேல் ஏறும் நிறமும் ஒளியும், அதற்கான சொல் மட்டும் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. துருப்படலம், களிம்பு, காலப்படிவு என்று மூன்று சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு நிறைவு இல்லை. ‘முதுமெருகு’ என்று ஒன்றை முன்வைக்கிறேன். ஏன் என்று சொல்லும் முன் பொருளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடலாம்.

பழைய இழைப்புளியோ ரம்பமோ கைக்கு வந்ததும் எடுக்கவேண்டிய முதல் முடிவு, தேய்ப்பதா வேண்டாமா என்பதுதான். தேய்த்துவிட்டால் போனது போனதுதான். ஆகவே நாம் வைக்கும் சொல், போகவேண்டியதையும் இருக்கவேண்டியதையும் பிரித்துக் காட்டவேண்டும். அதைச் செய்யாத சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் பட்டறையில் உதவாது.

இரும்பின் மேல் சேர்வது ஒரே பொருள் அல்ல. செந்துரு என்பது நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. பொரிந்து உதிரும், ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு அடியிலிருக்கும் இரும்பை மேலும் அரிக்கும். பல ஆண்டுகள் எண்ணெயும் துணியும் பட்டுப் புழங்கிய கருவியில் இருப்பது வேறு. கரும்பழுப்பாக, இறுகி, இரும்போடு ஒட்டிக்கிடக்கும் மெல்லிய படலம் அது. அதில் பெரும்பங்கு கருநிற ஆக்சைடு, மேக்னடைட் வகை. செந்துரு படிந்த இரும்பை நீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் அந்தத் துருவே கருப்பாக மாறும். துப்பாக்கிக் குழல்களுக்குக் கருநிறம் ஏற்றிய பழைய முறைகளில் ஒன்று இதுதான். இரண்டும் ஆக்சைடுதான், ஆனால் நடத்தை நேர் எதிர்.

பிரித்தறிவது கடினமில்லை. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்துப் பாருங்கள். முதலில் அழுக்கு வரும், அதை விட்டுவிடுங்கள். அதன்பிறகும் துணியில் செம்பழுப்பு இறங்கிக்கொண்டே இருந்தால் துரு. துணி சுத்தமாகி, இரும்பு மட்டும் கருமையாகவே நின்றால் அதுதான் நாம் பெயர் தேடும் பொருள். நகத்தால் வருடினால் துரு நறநறக்கும், இது வழுக்கும். சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் அடங்கிய ஓர் ஒளி தெரியும்.

இந்தப் படலத்தைக் காப்பது வெறும் அழகுக்காக அல்ல. கருவியின் அடையாளமே பல நேரம் அதற்குள்தான் இருக்கிறது. பழைய கைரம்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1840இல் ஹென்றி டிஸ்டன் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய நிறுவனத்தின் ரம்பங்கள் பலவற்றில், அலகின் பக்கவாட்டில் அமிலத்தால் அரித்துப் பதித்த நிறுவன முத்திரை இருக்கும். செதுக்கிய எழுத்துப்போல அதற்கு ஆழம் கிடையாது. கருத்த அலகில் அது சுத்தமாகக் கண்ணுக்குப் படாமலும் போகலாம். தட்டையான கட்டையில் நுண்மையான உப்புத்தாளைச் சுற்றி, எண்ணெய் தொட்டு, அழுத்தாமல் தேய்த்தால் மேடான இடம் மட்டும் வெளுத்து, எழுத்து கருப்பாக மேலெழும். மோட்டாரில் சுழலும் கம்பித் தூரிகையை வைத்தாலோ படலமும் எழுத்தும் சேர்ந்து போய்விடும். மிஞ்சுவது பளபளக்கும் பெயரில்லாத தகடு. மனம் பதைக்கும் காட்சி அது.

எல்லா அடையாளமும் இப்படி நொய்ந்தது அல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஸ்டான்லி நிறுவனத்தின் பழைய இழைப்புளிகள் சிலவற்றில் அலகைத் தாங்கும் பகுதிக்குப் பின்னால், உடலின் வார்ப்பிலேயே காப்புரிமைத் தேதிகள் இருக்கும். 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19 என்று மூன்றும் இருந்தால் அந்த உடல் 1910க்கு முந்தியதாக இருக்க முடியாது. அதைத் தேய்த்து அழிப்பது சுலபமில்லை. உளிகளின் மேல் அடித்த முத்திரை இரண்டுக்கும் நடுவில்: ஓரளவு தாங்கும், அரவை எந்திரத்தில் காட்டினால் போய்விடும்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

‘துருப்படலம்’ நாம் பிரிக்க நினைப்பதையே ஒன்றாக்கிவிடுகிறது. துரு என்று கேட்டவுடன் கை உப்புத்தாளைத் தேடும். தவிர, மரக் கைப்பிடிக்கும் பித்தளைத் திருகுக்கும் அது பொருந்தாது.

‘களிம்பு’ நம்மிடம் வெகுகாலமாக இருக்கும் சொல், அதை விட எனக்கும் மனமில்லை. ஆனால் சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமையாகச் சொல்வதே செம்பின் களிம்பைத்தான். நீங்கவேண்டிய மாசு என்ற பொருள் அதில் அவ்வளவு ஊறிக்கிடக்கிறது. போதாததற்கு இன்று களிம்பு என்றால் புண்ணுக்குத் தடவும் மருந்து.

‘காலப்படிவு’ பரவாயில்லை, இருந்தாலும் படிவு என்றால் வெளியிலிருந்து வந்து உட்கார்ந்த வண்டல் என்ற எண்ணம் வரும். இங்கே இரும்பின் மேற்பரப்பே மாறியிருக்கிறது. காலம் மட்டும் இதைச் செய்யவும் இல்லை. எண்ணெய்த் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் அறுபது ஆண்டு கிடந்த உளி புதிதாகவே வெளியே வரும். காற்றும் பட்டு, கையும் பட்டு, பேணலும் இருந்தால்தான் இது உண்டாகும்.

எந்த வினையோடு சேரும் என்றும் பார்த்தேன். துரு, பாசி, பூஞ்சை எல்லாம் நம் பேச்சில் ‘பிடிக்கும்’. மெருகும் பதமும் ‘ஏறும்’. ஏறுவதில் விஷமும் உண்டு, ஆகவே இதை விதியாகச் சொல்லவில்லை. ஆனாலும் ‘முதுமெருகு ஏறிய கைப்பிடி’ என்று சொன்னால் கேட்பவருக்கு அது கெட்டுப்போன கைப்பிடியாகத் தோன்றாது. அந்த வேறுபாடு தானாகவே வந்துவிடுகிறது.

‘முது’ என்ற அடையைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. முதுமொழி, முதுமரம் என்னும்போது வயதோடு மதிப்பும் சேர்ந்தே வருகிறது. ‘பழமெருகு’ என்றும் யோசித்தேன். எழுத்தில் பார்த்ததும் பழம் முந்திக்கொள்கிறது, விட்டுவிட்டேன்.

ஆட்சேபம் இரண்டு வரலாம். மெருகு என்றால் பளபளப்பு, கருத்த இரும்பு எங்கே பளபளக்கிறது என்று கேட்கலாம். மேலே சொன்ன சாய்வு வெளிச்சச் சோதனைதான் என் பதில்: ஒளி இருக்கிறது, அடங்கியிருக்கிறது. மற்றது, மெருகெண்ணெய் என்று வார்னிஷுக்கு ஏற்கெனவே வழங்குகிறதே, மெருகு என்பது மனிதர் வேண்டுமென்று ஏற்றுவதல்லவா என்பது. இது வலுவான கேள்வி. ‘முது’ என்ற அடை அதைத்தான் தடுக்கிறது என்று நினைக்கிறேன். வேண்டுமென்றே ஏற்றியதைச் ‘செயற்கை முதுமெருகு’ என்று தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். பழையதுபோல் காட்ட அமிலம் பூசிக் கருக்கிய கருவிகள் விற்பனைக்கு வருவதால் அந்தச் சொல்லும் நமக்குத் தேவைதான்.

கருவிகளைத் தாண்டியும் சொல் நிற்கிறதா? செம்புக் கூரையிலும் சிலையிலும் பச்சையாக ஏறி, அடியிலுள்ள செம்பைக் காக்கும் படலத்தைப் ‘பச்சை முதுமெருகு’ எனலாம். மரத்தில் வியர்வையும் எண்ணெயும் ஏறி உண்டாவதற்குக் ‘கைமெருகு’ என்று உள்வகை வைக்கலாம். நெருடவில்லை.

பட்டியலுக்கு நான் எழுதிய விளக்கம் இது:

முதுமெருகு: உலோகம், மரம் முதலியவற்றின் மேற்பரப்பில் நெடுநாள் புழக்கத்தாலும் காற்று படுவதாலும் உண்டாகி, அடிப்பொருளை அரிக்காமல் நிலைத்து நிற்கும் நிறமாற்றமும் ஒளியும்.

‘அரிக்காமல்’ என்பதை நீக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். துருவிலிருந்து இதைப் பிரிப்பது அந்த ஒரு சொல்தான்.

அப்புறம், இதோடு சேர்த்தே ‘பிட்டிங்’ என்பதையும் முடித்துவிடலாம். துரு அரித்து உண்டான சிறு பள்ளங்களுக்குத் ‘துருக்குழி’ போதும் என்பது என் கருத்து. அலகின் தட்டையான பின்பக்கத்தில், வெட்டுவாய்க்கு அருகே துருக்குழி இருந்தால் கூர் முழுமையாக வராது. வாங்கும் முன் பார்க்கவேண்டிய முதல் இடம் அதுதான். ‘அரிகுழி’ என்று ஒருவர் சொன்னதும் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டில் எது என்று மற்றவர்கள் எழுதுங்கள்.