புதுப்பிப்பு: கருக்குழாயில் தங்கிய கரு, ஊசிக்குப் பிறகு

ஆறாவது வாரத்தில் ஒரு பக்கமாக அடிவயிற்று வலி, லேசான உதிரப்போக்கு, ஸ்கேனில் கருப்பைக்குள் எதுவும் தெரியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. கரு கருக்குழாயில் தங்கியிருந்தது உறுதியாகிவிட்டது. கருப்பைக்கு வெளியே தங்கும் கருக்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அங்கேதான் தங்குமாம்.

குழாய் வெடிக்கவில்லை, ஹெச்சிஜி (கர்ப்ப ஹார்மோன்) அளவும் குறைவு. அதனால் அறுவை சிகிச்சை இல்லாமல், கரு வளர்வதை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போட்டார்கள். 4-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையில் ஹெச்சிஜி 15 சதவீதமாவது இறங்க வேண்டும், இறங்கியது. அதற்கு முன் கொஞ்சம் ஏறலாம், பயப்பட வேண்டாம். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், அது இந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 3 மாதம் பொறுக்க வேண்டும்.

கருவைக் கருப்பைக்கு மாற்ற முடியாதா என்று ஒரு தோழி கேட்டிருந்தார். முடியாது. எழுதும்போதே மனசு கனக்கிறது.

அப்புறம், ஊசி போட்ட பிறகும் குழாய் வெடிக்கலாம். தோள் நுனியில் வலி வந்தால் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். வயிற்றுக்குள் கசியும் ரத்தம் உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள தசை) உறுத்துவதால் அது வரலாம். அதுவோ, மயக்கமோ, திடீர்க் கடும் வலியோ வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். எனக்கு ஹெச்சிஜி முழுதாக இறங்கும்வரை வாராந்திரப் பரிசோதனை தொடர்கிறது.