கூடுதலாக வந்த சம்பளத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள், கொடுக்கணுமா?

நூல்கண்டு:
திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. போன வருஷம் ஏப்ரலில் இன்கிரிமென்ட் போட்டார்கள். லெட்டர் எதுவும் கிடையாது, "பார்த்து ஏத்தியிருக்கோம்" என்று எம்.டி. வாயால் சொன்னதோடு சரி. 34,000 வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு 42,000 வந்தது, பரவாயில்லையே என்று நினைத்தேன். இப்போது ஆடிட்டிங்கில் பார்த்தால், எனக்குப் போட்ட உயர்வு 4,000 தானாம், அதை பேரோலில் இரண்டு தடவை ஏற்றிவிட்டார்களாம். 14 மாதத்துக்கு 56,000 திருப்பித் தர வேண்டும், ஜூன் சம்பளம் 38,000 மொத்தமும் வராது, மீதி 18,000-ஐ ஜூலையில் பிடிப்போம் என்று மெயில் வந்திருக்கிறது. வாடகை, பைக் டியூ எல்லாம் இருக்கிறது. கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

மேட்டுத்தெரு:
ஒரு பைசா தராதீர்கள். தப்பு பண்ணியது அவர்கள், நீங்கள் போய் கள்ளக்கையெழுத்து போட்டு வாங்கவில்லையே. கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தைத் திரும்ப வாங்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. அதை மேற்கோள் காட்டி ஒரு மெயில் போடுங்கள், வாயை மூடிக்கொள்வார்கள்.

கணக்கன்:
மேட்டுத்தெரு சார், இப்படி அடித்து விடாதீர்கள். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், பிரிவு 72, தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்று நேராகவே சொல்கிறது. யார் தப்பு என்ற கேள்வியே அங்கே இல்லை. உங்கள் ஜிபே-க்கு யாரோ தெரியாமல் 5,000 அனுப்பிவிட்டால் "அனுப்பியது உன் தப்பு" என்று வைத்துக்கொள்வீர்களா?

மேட்டுத்தெரு:
ஜிபே-யும் சம்பளமும் ஒன்றா? அவர் 14 மாதம் வேலை செய்து வாங்கிய பணம். அதை நம்பி வண்டி எடுத்திருக்கிறார், செலவும் ஆகிவிட்டது. கம்பெனி பக்கம் ஹெச்.ஆர்., அக்கவுண்ட்ஸ், ஆடிட்டர் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது, ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அதே கம்பெனி ஓ.டி. காசைக் குறைத்துப் போட்டால் பழைய பாக்கியைத் தானாக எடுத்து வந்து கொடுக்குமா?

பென்ஷன் வாத்தியார்:
தம்பி மேட்டுத்தெரு சொல்கிற தீர்ப்பு பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மசீ என்பவருக்கும் இடையே நடந்த வழக்கு, 2014 டிசம்பர். எங்கள் வாத்தியார் சங்கத்தில் இதைத் தெரியாதவர் கிடையாது, ஏனென்றால் ஊதிய நிர்ணயத்தில் ஆபீஸ்காரர் பண்ணின தப்பை ரிட்டயர் ஆகும் நேரத்தில் தணிக்கையில் பிடித்து, பணிக்கொடையில் கைவைப்பது இங்கே வழக்கமாக நடக்கிற கதை. ஆனால் அந்தத் தீர்ப்பு எல்லாருக்கும் விலக்கு தரவில்லை. குரூப் சி, டி எனப்படும் கீழ்நிலை அரசு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஒரு வருஷத்துக்குள் ஓய்வு பெறப்போகிறவர்கள், ஐந்து வருஷத்துக்கு மேல் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்த பணம், மேல் பதவி வேலையை வாங்கிக்கொண்டு அந்தச் சம்பளம் கொடுத்தது, அப்புறம் பிடித்தம் செய்வது ரொம்பக் கொடுமை என்று கோர்ட் நினைக்கிற மற்ற கேஸ்கள், இவ்வளவுதான். 2016-இல் வந்த ஜக்தேவ் சிங் வழக்கில், ஓய்வு பெற்ற நீதிபதியிடமே பணத்தை வாங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கூடுதலாக வந்தால் திருப்பித் தருவேன் என்று அவர் முன்கூட்டியே உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தார், அதனால். மறுபக்கம், 1999-இல் ஓய்வு பெற்ற கேரள ஆசிரியர் தாமஸ் டேனியலிடம் வாங்கக் கூடாது என்று 2022-இல் தீர்ப்பு வந்தது. ஆக, ஆளையும் சூழலையும் பொறுத்தது. முக்கியமாக இவை எல்லாமே அரசாங்கச் சம்பளம் பற்றியவை. தனியார் கம்பெனியில் இதைத் தூக்கிக் காட்டினால் அவர்கள் வக்கீல் சிரிப்பார்.

மேட்டுத்தெரு:
ஐயா, மரியாதையோடு கேட்கிறேன், கொடுமை என்பது அரசாங்க ஊழியனுக்கு மட்டும்தான் வருமா? மாசச் சம்பளத்தை மொத்தமாக நிறுத்துவது கொடுமை இல்லையா?

சேலரி ஷீட்:
அதற்குத் தனியாகச் சட்டம் இருக்கிறது, யாரும் அதைப் பேசவே இல்லை. நான் பேரோல் ஆள்தான், கோயம்புத்தூரில். கூடுதலாகப் போன சம்பளத்தைப் பிடிக்க முதலாளிக்கு உரிமை உண்டு, ஆனால் எல்லாப் பிடித்தமும் சேர்த்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 1936-ஆம் வருஷத்து ஊதியப் பட்டுவாடா சட்டத்திலேயே இந்த வரம்பு இருந்தது, ஆனால் அது மாசம் 24,000 வரை வாங்கியவர்களுக்குத்தான். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் அந்தச் சம்பள உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், ஆக நூல்கண்டுக்கும் பொருந்தும். 38,000-இல் பாதி 19,000, பி.எஃப். பிடித்தமும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். ஜூன் சம்பளம் மொத்தமும் கட் என்று மெயில் போட்டிருக்கிறார்களே, அது செல்லாது.

இன்னொன்று, அந்த 56,000 எப்படி வந்தது என்று பாருங்கள். 4,000-ஐ 14-ஆல் பெருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான் கணக்கு. நூல்கண்டு, உங்களுக்கு பி.எஃப். 1,800 மட்டும் பிடிக்கிறார்களா, இல்லை முழு பேசிக்குக்கும் 12 சதவீதமா? முழு பேசிக் என்றால், அந்த 4,000 பேசிக்கில் ஏறியிருக்கும் பட்சத்தில், மாசம் 480 பி.எஃப். கணக்குக்குப் போயிருக்கும். கையில் வந்தது 3,520 தான். 14 மாதத்துக்கு 49,280. லீவில் சம்பளம் பிடித்த மாதம் ஏதாவது இருந்தால் இன்னும் குறையும். மாசவாரியாக ஸ்டேட்மென்ட் கேளுங்கள். அதைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நூல்கண்டு:
நன்றி அண்ணா. பேஸ்லிப் எடுத்துப் பார்த்தேன், முழு பேசிக்குக்குத்தான் பி.எஃப். பிடித்திருக்கிறார்கள். கூடுதல் 4,000-உம் பேசிக்கில்தான் ஏறியிருக்கிறது. அப்பா ஆபரேஷன் சமயத்தில் பாதி மாதம் சம்பளம் இல்லாத லீவு, அதையும் முழு மாதமாகவே கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கணக்கன்:
பி.எஃப். பணம் அவர் பெயரில்தானே இருக்கிறது, வட்டியோடு அவருக்குத்தானே வரும்? அதைக் கழிப்பது நியாயமில்லை. லீவு கணக்கு சரி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

சேலரி ஷீட்:
இருக்கிறது, ஆனால் இன்றைக்கு அவர் கையில் இல்லை. இல்லாத பணத்தை வாடகைக் காசிலிருந்து எடுத்துக் கொடு என்கிறீர்கள். கம்பெனி வேண்டுமானால் இனிவரும் மாதங்களின் பி.எஃப். கணக்கில் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று அவர்கள் கன்சல்டன்ட்டைக் கேட்கட்டும். பேரம் பேச இது ஒரு பாயின்ட், அவ்வளவுதான்.

மேட்டுத்தெரு:
பேரமே எதற்கு என்கிறேன். கம்பெனி கேஸ் போட்டு வாங்கட்டும். 50,000-க்காக எந்த எக்ஸ்போர்ட்காரன் கோர்ட் படி ஏறுவான்?

கணக்கன்:
கோர்ட் எதற்கு? சம்பளம் அவர்கள் கையில் இருக்கிறது. வேலையை விட்டால் கடைசி செட்டில்மென்ட்டில் பிடிப்பார்கள், ரிலீவிங் லெட்டரை இழுத்தடிப்பார்கள். அது முறையில்லை என்று லேபர் ஆபீசில் எழுதிக் கொடுத்து அலைவதற்குள் அடுத்த கம்பெனி வேறு ஆளைப் போட்டுவிடும். திருப்பூரில் ஒரு ஹெச்.ஆர். இன்னொரு ஹெச்.ஆருக்கு போன் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

நூல்கண்டு:
அதுதான் என் பயமும். இன்னொரு விஷயம், அக்கவுண்ட்ஸில் இருக்கிற பொண்ணு இன்றைக்கு வந்து அழுதது. நான் கட்டாவிட்டால் அந்தப் பணத்தை அவள் சம்பளத்தில் பிடிப்பதாக மேனேஜர் சொன்னாராம். அவளுக்கே மாசம் 16,000 தான்.

மேட்டுத்தெரு:
பார்த்தீர்களா, இதுதான் இவர்கள் லட்சணம். எம்.டி. லெட்டர் கொடுத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது, அதற்கு ஒரு பொண்ணு பலி.

பென்ஷன் வாத்தியார்:
தம்பி நூல்கண்டு, அந்தப் பெண்ணைக் காட்டி உங்களிடம் கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள். அதற்காக அவசரப்படாதீர்கள். முதலில் மாசவாரிக் கணக்கைக் கேளுங்கள்.

நூல்கண்டு:
சரி, இப்படி மெயில் போடப் போகிறேன். கூடுதலாக வந்ததை மறுக்கவில்லை, மாசவாரிக் கணக்கு வேண்டும், பி.எஃப். போக, லீவு போக கைக்கு வந்த தொகையை மட்டும் மாசம் 3,000 வீதம் பிடித்துக்கொள்ளலாம், ஜூன் சம்பளத்தை நிறுத்தக் கூடாது, சரியான சம்பளம் 38,000 என்று லெட்டர் கொடுங்கள். அந்தப் பெண் பெயரை மெயிலில் எழுதவில்லை.

சேலரி ஷீட்:
2,500-இல் ஆரம்பியுங்கள், அவர்கள் எப்படியும் ஏற்றிக் கேட்பார்கள். பிடித்தம் முடிந்ததும் பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். ஹெச்.ஆர். மெயிலை உங்கள் சொந்த மெயிலுக்கு இன்றைக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுத்தெரு:
நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் லெட்டர் கேட்டீர்கள் பாருங்கள், அது சரி.