முளைக்கவில்லை என்றால் செத்ததா?

கொள்ளிடக்கரை:
நேற்று இங்கே தேரடி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "விண்கலம் கட்டும் கிளீன் ரூமில் ஒரு பாக்டீரியாவாம். ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் வளராதாம், ஆனால் சாகவில்லையாம். வளராதது செத்ததுதான், மற்றது கதை" என்கிறார். கதை இல்லை ஐயா. அதன் பெயர் டெர்சிகாக்கஸ் ஃபீனிசிஸ். செவ்வாய்க்குப் போன ஃபீனிக்ஸ் கலத்தைத் தயார் செய்த ஃபுளோரிடா அறையில் 2007-இல் எடுத்தார்கள். பிறகு தென் அமெரிக்காவில் கூரூ ஏவுதளத்து அறையிலும் அதே பாக்டீரியா கிடைத்தது. வடிகட்டிய காற்று, ரசாயனத் துடைப்பு, தின்ன ஒன்றுமில்லாத தரை. அங்கேயும் இருந்திருக்கிறது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தார் அதைப் பட்டினி போட்டு உலர்த்திப் பார்த்தார்கள், தட்டில் ஒன்றும் வளரவில்லை. அப்புறம் மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் என்ற நம் தோலில் வாழும் பாக்டீரியாவின் ஒரு புரதத்தைச் சேர்த்தார்கள், எழுந்துகொண்டது. செத்தது எழுமா?

தேரடி:
எழுப்பினால்தான் எழுகிறது என்றால் அதுவரை அது என்ன? செத்ததுதான். 22 வருடமாக விதைக்கடை வைத்திருக்கிறேன். 100 நெல்லை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைப்பேன், முளைத்ததை எண்ணுவேன். 80 முளைத்தால் விதை, குறைந்தால் அரிசி. முளைக்காதது செத்தது.

கொள்ளிடக்கரை:
நெல்லை வைத்தே பேசுவோம். அறுத்த கையோடு சம்பா நெல்லைச் சாக்கில் சுருட்டிப் பாருங்கள், பாதி முளைக்காது. விதை உறக்கம். வெயிலில் காய வைத்துச் சில வாரம் கழித்துப் போட்டால் அதே நெல் முளைக்கும். உறக்கம் இல்லாத ரகம் மழையில் சாய்ந்தால் கதிரிலேயே முளைத்துவிடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அப்போ அறுத்த அன்று அந்த நெல் செத்திருந்ததா? ஆமாமா இல்லையா, ஒரு வார்த்தை போதும்.

தேரடி:
நெல்லுக்கு உமி இருக்கிறது. பாக்டீரியாவுக்கு உமி எங்கே?

கொள்ளிடக்கரை:
அதைத்தானே சொல்கிறேன்! பேசில்லஸ் என்ற பாக்டீரியாப் பேரினம் வித்து கட்டும், தடித்த உறைக்குள் சுருண்டுகொள்ளும். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் கலம் கட்டும் கூடத்தில் எடுத்த பேசில்லஸ் பியூமிலஸ் அப்படித்தான் புற ஊதாக் கதிரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் தாங்கியது. டெர்சிகாக்கஸ் வித்தே கட்டாது. உமி இல்லாமல் உறங்குகிறது. அதனால்தான் இவ்வளவு பேர் அதன் பின்னால் போகிறார்கள்.

வெண்ணாற்று வாசி:
இருவரும் கோபிக்காதீர்கள். 'செத்தது' என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பேசலாமே?

தேரடி:
முளைக்காதது.

கொள்ளிடக்கரை:
முளைக்காதது இல்லை, இனி எப்போதும் முளைக்க முடியாதது. தம்பி, வரையறை எல்லாம் அப்புறம். முதலில் அந்த நெல்லுக்கு அவர் பதில் சொல்லட்டும்.

குத்தாலத்துக்காரி:
அண்ணே, இதனால் நமக்கு என்ன? துடைக்கிற ஆள் சரியாகத் துடைக்கவில்லை, அவ்வளவுதானே?

கொள்ளிடக்கரை:
இல்லைம்மா, துடைப்பதுதான் அங்கே சல்லடை. சாதாரணக் கிருமி எல்லாம் போய்விடும், தாங்குகிறவை தங்கும். செவ்வாய்க்குப் போன வைக்கிங் கலங்களை 1970-களில் அடுப்பில் வைப்பதுபோல 110 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் சுட்டு அனுப்பினார்கள். இப்போது செவ்வாயில் இறங்கும் கலத்தின் மேற்பரப்பில் மொத்தம் 3 லட்சம் வித்துக்கு மேல் கூடாது என்று கணக்கு. அந்தக் கணக்கே தட்டில் வளர்வதை எண்ணி எடுப்பது. தட்டில் வளராமல் உறங்குவது எண்ணிக்கையில் வருமா? நாளைக்குச் செவ்வாயில் ஓர் உயிரைக் கண்டால் அது அந்த ஊரா, நம் ஊரா என்று எப்படிச் சொல்வீர்கள்? இந்த ஆராய்ச்சியில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. ஜேபிஎல்லில் இதற்கே உழைத்த கஸ்தூரி வெங்கடேஸ்வரன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். விண்வெளி நிலையத்தில் எடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு மெத்திலோபாக்டீரியம் அஜ்மலி என்று 2021-இல் பெயர் வைத்தார்கள். பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் அறிஞர் அஜ்மல் கான் பெயர். டெல்டாக்காரனுக்குப் பெருமை இல்லையா?

தேரடி:
பரங்கிப்பேட்டை எப்போது டெல்டா ஆனது? அது கடலூர் மாவட்டம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, இதுதான் டெல்டா.

கொள்ளிடக்கரை:
காவிரி டெல்டாவுக்கென்று வந்த 2020 பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை, ஐந்து ஒன்றியமும் அதில் இருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே இருந்தால் நாங்கள் காவிரித் தண்ணீர் குடிக்கவில்லையா? வீராணம் என்ன வானத்திலிருந்தா நிரம்புகிறது?

வெண்ணாற்று வாசி:
அந்த மெத்திலோபாக்டீரியம்தானே வறட்சிக்கு நெல்லில் தெளிக்கிற பிபிஎஃப்எம் என்ற நுண்ணுயிர்க் கரைசல்? நான் தெளித்தேன், ஒன்றும் தெரியவில்லை.

கொள்ளிடக்கரை:
ஒரே பேரினம், வேறு இனம் தம்பி. உச்சி வெயிலில் தெளித்தால் எது பிழைக்கும்? அது தனிப் பேச்சு. தேரடி இன்னும் நெல்லுக்குப் பதில் சொல்லவில்லை.

தேரடி:
சொல்லிவிட்டேன். முளைக்காதது செத்தது. உங்களுக்குக் கோபம் பாக்டீரியா மேல் இல்லை, போன வருடம் உங்கள் நாற்றங்கால் சொட்டையாகப் போனதில்.

கொள்ளிடக்கரை:
அதை நீங்களே இழுத்துவிட்டீர்கள். ஆமாம், ஒரு கடையில் வாங்கிய விதை பாதி முளைக்கவில்லை. கேட்டதற்கு "விதை உறக்கத்தில் இருக்கிறது, பத்து நாள் பொறுங்கள்" என்றார்கள். அன்றைக்கு முளைக்காதது உறங்கியது. இன்றைக்கு முளைக்காதது செத்ததா?

தேரடி:
அந்தக் கடை என் கடை இல்லை.

கொள்ளிடக்கரை:
உங்கள் கடை என்று நான் சொல்லவே இல்லையே. அறுத்த அன்று அந்த நெல் செத்திருந்ததா?

குத்தாலத்துக்காரி:
கல்லணை திறந்து நாலு நாள் ஆகிறது, எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை. யாருக்காவது தெரியுமா?

தேரடி:
பாக்டீரியாவுக்கு உமி இல்லை.

கொள்ளிடக்கரை:
கல்லூரி லேபில் மைக்ரோகாக்கஸ் தட்டு ஒன்று வைத்திருக்கிறேன், மஞ்சள் மஞ்சளாகப் பொட்டு வைத்ததுபோல வளர்ந்திருக்கிறது. நாளைக் காலை படம் எடுத்துப் போடுகிறேன். பக்கத்திலேயே நேற்று அறுத்த நெல் நூறு, ஈரச்சாக்கில். எண்ணிக்கொண்டே இருங்கள்.