தீர்த்தமலை காதுகுத்து: மாமன் மடி யார்?

கவிதா: வெள்ளி காலை 6 மணிக்கு அரூரில் வேன் வந்துவிடும். மாமன் மடி யார் என்று ஆசாரி கேட்கிறார், இன்றைக்கே சொல்லுங்கள்

சிவா: என்னை ஏன் கேட்கிறாய். போன ஞாயிறு தூக்கப் போனால் நிலா வீறிட்டு அழுகிறாள். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்

முருகேசன்: யாரோ என்றால்?

பெரியம்மா: ஆரம்பித்தாயிற்றா. தேங்காய் எத்தனை வாங்க?

சாந்தி அத்தை: சிவா, ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அன்றைக்கு அண்ணனின் ரேடியோவை மாப்பிள்ளை முருகேசன் திருகினதும் நீ வாயே திறக்காமல் ஒரு முறை முறைத்தாய் பார், அதைத் திண்ணையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தவள் அவள்தான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரெப்பாசோலி, மெல்ட்சாஃப் என்ற இரண்டு பேர் 2007இல் இதையே ஆய்வாக வெளியிட்டார்கள், அதுவும் 18 மாதக் குழந்தைகள்தான். ஒருவர் ஒரு பொருளை வைத்து விளையாடிக் காட்டுவார், இன்னொருவர் அவர்மேல் எரிந்து விழுவார், பிள்ளையிடம் ஒரு வார்த்தை கிடையாது. அப்புறம் அதே பொருளைப் பிள்ளையிடம் கொடுத்தால், கோபப்பட்டவர் சும்மா பார்த்துக்கொண்டு இருந்தாலே தொடத் தயங்குகிறது. அவர் அறையை விட்டுப் போய்விட்டால் தாராளமாக விளையாடுகிறது

தினேஷ்: அத்தை மூச்சு விடுங்கள் 😂

கவிதா: அட ஆமாம் அத்தை! இவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனதும் நேராகப் போய் ரேடியோவைத்தான் திருகினாள்

சிவா: அதனால்தான் கரகர என்கிறதா

சித்தப்பா: அந்த ரேடியோ எனக்கு என்று அண்ணன் தன் வாயால் சொன்னது. முதலில் அதைப் பேசுங்கள்

பெரியம்மா: தேங்காய்??

சாந்தி அத்தை: இன்னொன்று. கண்ணாடித் தளம் போட்டு, கீழே பள்ளம் தெரிகிற மாதிரி வைத்து ஒரு வயதுப் பிள்ளைகளைத் தவழ விட்டார்கள், 1985இல் வந்தது. அம்மா பயந்த முகம் காட்டினால் 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை, சிரித்த முகத்துக்கு 19 பேரில் 14 பேர் கடந்துவிட்டார்கள். ஆசாரி கம்பியை எடுக்கும்போது கவிதா நீ முகத்தைச் சுளிக்காதே

கவிதா: நான் படிக்கட்டுப் பக்கம் போய்விடுவேன்

முருகேசன்: சிவா மடியிலேயே உட்காரட்டும். எனக்கு ஒன்றும் இல்லை

சிவா: ம்

சாந்தி அத்தை: ம் போதாது. வியாழன் வந்து அவள் கண் எதிரே மாப்பிள்ளையோடு ஒரு டீ குடி

சிவா: வியாழன் மாங்கூழ் ஆலைக்கு லோடு இருக்கிறது. பார்க்கலாம்

சித்தப்பா: ரேடியோவையும் கொண்டு வா

தினேஷ்: வேனில் முன் சீட் எனக்கு

கவிதா: சரி, ஆசாரியிடம் நான் என்ன சொல்ல?

பெரியம்மா: 11 வாங்கிவிட்டேன்