சொல் இல்லாமல் பாடினால் பொருள் இருக்குமா?

இளவேனில்:
சொல்லை எடுத்துவிட்டால் குரலும் ஒரு வாத்தியம்தான். ஏக்கம், துயரம் என்பதெல்லாம் கேட்பவர் ஏற்றிக்கொள்வது. ரஷ்ய இசையமைப்பாளர் ரஹ்மானினோவ் 1915-இல் எழுதிய ‘வோகலீஸ்’ பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. பாடுபவர் ஓர் உயிரெழுத்தைத் தேர்ந்துகொண்டு முழுவதையும் பாடுகிறார். அதையே செல்லோ என்ற பெரிய வில் வாத்தியத்தில் வாசிக்கிறார்கள், வயலினில் வாசிக்கிறார்கள். அவரே இசைக்குழுவுக்கும் மாற்றி எழுதினார். உருக்கம் குறையவில்லையே! குரலுக்கென்று தனிப்பொருள் இருந்தால் இது எப்படி முடியும்?

தேன்மொழி:
குறைகிறது ஐயா. செல்லோவின் வில்லுக்கு மூச்சு முட்டாது. பாடுபவர் நீண்ட அடியின் கடைசியை எட்டும்போது கேட்கிற நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். வாயை மூடி ‘ம்’ என்று தொடங்கி, அதே சுருதியில் உதட்டைத் திறந்து ‘ஆ’வுக்கு வந்து பாருங்கள். ஸ்வரம் மாறவில்லை. மூக்கில் அடைபட்டிருந்த ஒலி வாய்வழியே விரிகிறது, அவ்வளவுதான். ஆனால் அடக்கி வைத்ததை ஒருவர் வெளியே விட்டதாகவே காதில் விழுகிறது. நான் பாட்டு சொல்லித் தருகிறவள். சாகித்தியத்தை, அதாவது பாட்டின் சொற்களை, துணிந்து பாடும் பிள்ளைகள் ‘ஆ’ என்று மட்டும் அகாரத்தில் பாடச் சொன்னதும் தயங்குகிறார்கள். அங்கே ஒளிந்துகொள்ளச் சொல் இல்லை.

இளவேனில்:
நீங்கள் சொல்வது உணர்ச்சி. பொருள் என்றால் எதையாவது சுட்ட வேண்டும். இருமலும்தான் உடம்பிலிருந்து வருகிறது.

கார்முகில்:
சுட்டுகிற பாட்டும் உண்டு. ஸ்காண்டிநேவியாவின் வடக்கே வாழும் சாமி மக்களிடம் ‘யோய்க்’ என்ற பாடல்முறை இருக்கிறது. பல யோய்க்குகளில் வெறும் அசைகள்தான். ஒருவருக்கென்றே ஒரு மெட்டு இருக்கும். அது அவரைப் பற்றிய பாட்டு அல்ல, அவரையே பாடுவது என்கிறார்கள். பழகியவர்கள் மெட்டைக் கேட்டே ஆளை அறிந்துகொள்வார்கள்.

இளவேனில்:
அது அந்தச் சமூகம் தனக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. மெட்டைப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

கார்முகில்:
எந்தச் சொல் ஏற்பாடு இல்லாமல் பொருள் தருகிறது? ‘மரம்’ என்ற ஒலியில் இலையும் இல்லை, வேரும் இல்லை. சொல்லுக்கு ஏற்பாடு போதும், மெட்டுக்கு மட்டும் போதாது என்பது என்ன நியாயம்?

இளவேனில்:
சரி, யோய்க் வரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோடி ராகத்தைச் சொல் இல்லாமல் விரித்துப் பாடும் ஆலாபனையில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. ஒருவர் அழுகிறார், பக்கத்தில் இருப்பவர் அமைதி கண்டேன் என்கிறார். அது யாரைச் சுட்டுகிறது, எதைச் சுட்டுகிறது?

தேன்மொழி:
இருவரும் அது தோடி என்பதில் வேறுபடவில்லையே! பாடகர் மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் ‘ஸ’வை, தொடாமல் அதற்கு முந்தைய நிஷாதத்தையே சுற்றிவரும்போது சபை முழுவதும் அந்த ஒரு ஸ்வரத்துக்காகக் காத்திருக்கிறது. அதை யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை, பாடகர் காக்க வைக்கிறார். நாகஸ்வரமும் இதைச் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் நாகஸ்வரக்காரரை மனம்விட்டுப் பாராட்டும்போது ‘வாத்தியம் பாடுகிறது’ என்றுதான் சொல்கிறோம்.

இளவேனில்:
காக்க வைப்பது இலக்கணம் அம்மா. அதைப் பொருள் என்று ஏற்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

தேன்மொழி:
எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு அதுவே பொருள்.