மறு: மறு: கடல்மீனும் உப்பும் – அத்தியாயத்துக்கு ஒரு சொல் வேண்டும்

அன்பர்களே,

மீன் தன் உடலில் நீரையும் உப்பையும் சமன்படுத்திக் காப்பதை ஆங்கிலத்தில் osmoregulation என்கிறார்கள். பாடநூல் அத்தியாயத்துக்காக அதற்கொரு தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆகவே ஒவ்வொரு கருத்துக்கும் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

> ‘ஊடுபரவல் ஒழுங்கு’ என்று முன்பே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஊடுபரவல் என்பது உப்புச் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் மென்படலம் வழியே நகர்வது. மீன் அதை ஒழுங்குபடுத்துவதில்லை ஐயா, அதன் விளைவைச் சமாளிக்கிறது. எலும்புமீனின் குருதியில் உள்ள உப்புச் செறிவு கடல்நீரின் செறிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதனால் உடல்நீர் செவுள் வழியே ஓயாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். மீன் கடல்நீரைக் குடித்து அதை ஈடுகட்டுகிறது. குடித்ததோடு வந்த உப்பைச் செவுளில் உள்ள அயனி உயிரணுக்கள் வெளியே தள்ளுகின்றன. நன்னீரில் எல்லாமே தலைகீழ்: நீர் உள்ளே புகும், உப்பு வெளியே போகும். மீன் நீர்த்த சிறுநீரை நிறையக் கழிக்கிறது, செவுள் உப்பை உள்ளே இழுக்கிறது.

அத்தியாயம் சொல்ல வருவது இந்தத் திருப்பத்தை மரபணுக்கள் நடத்தும் விதத்தை. சால்மனின் செவுளில் சோடியம்-பொட்டாசியம் ஏற்றிக்கு (உயிரணுவின் உள்ளும் புறமும் இந்த அயனிகளைக் கடத்தும் புரதம்) இரண்டு வடிவங்கள் உண்டு. மீன் கடலுக்குப் போகும் பருவத்தில் நன்னீர் வடிவத்தின் மரபணு வெளிப்பாடு தணிகிறது, கடல்நீர் வடிவத்துடையது உயர்கிறது. உப்பின் மறுபாதியான குளோரைடு வெளியேறும் வாயிலை அமைப்பது சி.எஃப்.டி.ஆர். மரபணு. மனிதரில் இதே மரபணு பழுதானால்தான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் வருகிறது. அந்த நோயாளிகளின் வியர்வையில் உப்பு மிகுந்திருக்கும். மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. இவற்றுக்கு மேலே ஹார்மோன்கள்: கடலுக்குக் கார்ட்டிசால், நன்னீருக்குப் புரோலாக்டின். புரோலாக்டினைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியை நீக்கினால் கில்லிமீன் என்ற சிறுமீன் நன்னீரில் மடிந்துவிடும். புரோலாக்டின் செலுத்தினால் பிழைக்கும் என்று 1959இல் கிரேஸ் பிக்ஃபோர்டும் உடன் ஆய்வாளரும் காட்டினார்கள்.

> ‘உவர்ச்சமன்’ எடுங்கள். ‘ஒலித்தக்கால் என்னாம் உவரி’ என்று வள்ளுவரே கடலை உவரி என்கிறார்.

அழகான சான்று. உவர் என்ற வேரின் மேல் எனக்கும் பற்று அதிகம். அறுசுவையில் ஒன்று அது. உவர்த்தல் என்றால் வெறுத்தல் என்றும் பொருள் உண்டு. ஆனால் மீன்வளத் துறையில் ‘உவர்நீர்’ என்றால் நன்னீரும் கடல்நீரும் கலந்த கழிமுக நீர். ‘உவர்ச்சமன்’ என்று படிக்கும் மாணவர் அது கழிமுக மீனுக்கு மட்டும் உரியது என்றே எண்ணுவார். நீர் என்ற பாதியும் விடுபட்டுப்போகும்.

> இலங்கைப் பாடநூல்களில் ஊடுபரவலுக்குப் ‘பிரசாரணம்’ இருக்கிறதே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

நியாயமான கேள்வி அம்மா. அங்கே தலைமுறைகள் அதைப் படித்து உயிரியல் கற்றிருக்கின்றன. வடசொல் என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்குவது சரியன்று. மரபணுவையும் அங்கே பரம்பரையலகு என்கிறார்கள். சொல்லடைவில் இரு வழக்குகளையும் சேர்த்துத் தருவோம்.

என் பரிந்துரை: நீருப்புச் சமன். நீரும் உப்பும் என உம்மைத்தொகை. வன்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் வலி மிகுவதால் ‘ச்’ இயல்பாகவே வருகிறது. மீன் எதைக் காக்கிறதோ அதையே சொல் சொல்கிறது. கடலுக்கும் பொருந்தும், நன்னீருக்கும் பொருந்தும். கொடுவா, மடவை போல இரண்டிலும் வாழ வல்லவற்றை ‘இருநீர் மீன்’ எனலாம்.

—

மறு:

இலக்கணம் சரி, காதுக்குச் சரியில்லை. ‘நீருப்பு’ என்றதும் ‘நீரின் உப்பு’ என்றே படிப்பார்கள். உம்மைத்தொகை என்று எந்த மாணவர் பிரித்துப் பார்ப்பார்? ‘இருநீர் மீன்’ கூடாது. உப்பின் அளவு படிப்படியாக மாறுவது. திலாப்பியாவை எத்தனை நீர் என்று எண்ணுவீர்கள்? பலவகை உப்பு அளவையும் தாங்குவது என்ற பொருளில் ‘அகல் உவர் மீன்’ என்பதே பொருந்தும்.

—

மறு:

‘அகல் உவர்’ புலவர்களுக்குப் புரியும். பதினோராம் வகுப்பில் நான் ஒவ்வொரு முறையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ‘நீருப்புச் சமன்’ பலகையில் எழுதியதும் பாதி விளங்கிவிடும். என் வாக்கு அதற்கே.

—

மறு:

ஆதரவு கூடுதலாக இருப்பதால் அத்தியாயத்தில் ‘நீருப்புச் சமன்’ இடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘நீர்-உப்புச் சமன்’ என்று இணைகோட்டுடன் வரும். ‘நீரின் உப்பு’ என்ற மயக்கம் அதனால் தீரும். இருநீரா, அகல் உவரா என்பதில் உடன்பாடு இல்லை. அந்தப் பத்தியில் சொல்லே இடாமல் ‘நன்னீரிலும் கடல்நீரிலும் வாழ வல்ல மீன்கள்’ என்று விரித்து எழுதுகிறேன்.

—

மறு:

விரித்து எழுதுவது கலைச்சொல் ஆகாது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.