புதுப்பிப்பு: ஹட்டன்ல 500 ரூபாய்க்குள்ள மீன் சோறு

இலங்கை மலையகத்துல இருக்கிற ஹட்டன் டவுன்ல 500 ரூபாய்க்குள்ள நல்ல கடல் மீனோட பகல் சாப்பாடு கிடைக்குமான்னு போன மாசம் கேட்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு அக்கா போட்டிருக்கிற சின்னக் கடையை ரெண்டு பேர் சொன்னீங்க. மூணு தடவை போயிட்டேன். சொன்னவங்களுக்கு மனசார நன்றி.

450 ரூபாய். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, வல்லாரைச் சம்பல், அப்பளம், சாளை மீன் குழம்பு. குழம்பு மண்சட்டியிலேயே இருக்கு. கொறக்காப் புளி போட்டு, மிளகு கூட்டி, கறுத்துப்போய் திக்கா நிக்குது. அக்கா கரண்டியை அடியில விட்டு மீன் உடையாம தூக்கி, சோத்துக்கு நடுவுல குழி பறிச்சு வைக்கிறாங்க. மலைக்குளிர்ல அந்த ஆவி முகத்துல அடிக்கிறப்பவே பாதிப் பசி போயிடும்.

மலையில கிடைக்கிற மீன் பழசா இருக்கும்னு ஒருத்தர் பயமுறுத்தியிருந்தீங்க. நான் செவுளைத் தூக்கிப் பார்த்தேன், சிவப்பாத்தான் இருந்துச்சு. விடியக்காலை ஐஸ் பெட்டியில வர்றதை மட்டுந்தான் அக்கா வாங்குறாங்க. பௌர்ணமியை ஒட்டிப் போனா சாளை இருக்காது. நிலா வெளிச்சத்துல சின்ன மீன் வலையில குறைவாத்தான் விழும். ஒரு தடவை அப்படிப் போனப்ப எனக்குக் கிடைச்சது கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய் போட்டது. அதுவும் அருமை.

இறால், கணவாய் ஞாயிற்றுக்கிழமை மட்டும், விலை கூட.

ஒரு மணிக்கு முன்னால போங்க. தேயிலைக் கொழுந்தை எடை போட்டுட்டு வர்றவங்க வந்துட்டா சட்டி காலி. "நாளைக்கு வா தம்பி, உனக்கு வால் துண்டு எடுத்து வைக்கிறேன்"னாங்க அக்கா. நாளைக்கும் போறேன்.